அக்கா கட்டையில் தங்கை துடுப்பு

அத்தியாயம் பதினாறு

ஒரே வீட்டில் இருந்துகொண்டு முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பதற்குத் தனித் திறமை வேண்டும். அந்தத் திறமை அப்பாவுக்கும் சின்னவளுக்கும் கூடவே பிறந்தது. சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றால்கூட சின்னவள் அம்மாவிடம்தான் கேட்பாள். அப்பா உப்பை அம்மா பக்கம் நகர்த்துவார், அம்மா அதைச் சின்னவள் பக்கம் நகர்த்துவாள். போன வாரம் அம்மா பொறுமை இழந்து உப்புக் கிண்ணத்தை நடுமேசையில் வைத்துவிட்டு எழுந்து போனதையும், அன்று இருவரும் உப்பில்லாமலே சாப்பிட்டு முடித்ததையும் பார்த்தோம்.

சண்டை ஒரு எண்ணைப் பற்றியது.

அப்பாவுக்குப் படகுக் கழகத்தின் அளவுக்கூடத்தில் வேலை. கயாக் என்னும் ஒல்லிப் படகில் குறுந்தூரம் பாயும் பிள்ளைகளின் கை பலத்தையும் துடுப்பின் இழுப்பையும் கருவி வைத்து அளந்து சொல்ல வேண்டும். கழகத்தில் அவருக்குத் தராசு என்று பட்டப்பெயர். அவர் காதுபடவே கூப்பிடுவார்கள், அதில் அவருக்குப் பெருமைதான். பெரியவள் ஒரு காலத்தில் அதே கழகத்தில் துடுப்பு போட்டவள். தோள்பட்டை மக்கர் செய்ததும் கரையேறி, இப்போது பயிற்சியாளராக இருக்கிறாள். சின்னவள்தான் இப்போது படகில் இருப்பவள். ஆக, அம்மாவைத் தவிர குடும்பமே தண்ணீரில்தான் கிடக்கிறது. அம்மாவுக்கு நீச்சல்கூடத் தெரியாது.

மழைக்காலத்தில் சின்னவளுக்கு வலது மணிக்கட்டில் வலி வந்தது. வலி ஆறி அவள் மறுபடி படகில் ஏறியதும் அப்பா அளந்தார். தரையில், பலகையில் குப்புறப் படுத்துப் பளுவை மார்புவரை இழுக்கும் சோதனையில் இரண்டு கையும் சமமாக வந்தது. தண்ணீரில் மட்டும் வலது பக்க இழுப்பு இடதைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. கையில் பலம் இருந்தும் துடுப்பில் வரவில்லையென்றால், பெண் பயந்துகொண்டு கையைக் காப்பாற்றுகிறாள் என்றுதான் அர்த்தம். அப்பா அதை அப்படியே, மற்ற பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தபோதே சொல்லிவிட்டார்.

சின்னவள் அன்று கெஞ்சாத குறையாகச் சொல்லிப் பார்த்தாள். முழுசாகத்தான் இழுக்கிறேன், படகு நேராகத்தானே போகிறது என்றாள். படகுக்கு என்ன தெரியும், எண் பொய் சொல்லாது என்று அப்பா ஒரே போடாகப் போட்டார். சின்னவள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். பெரியவள் ஒரு கணம் யோசித்துவிட்டு அப்பா பக்கம் சாய்ந்தாள்.

அந்த ஒரு கணத்தைப் பெரியவள் இப்போதும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறாள். இன்றைக்குப் பிறகு இன்னும் அதிகமாக நினைக்கப் போகிறாள் என்பது அவளுக்கு இன்னும் தெரியாது.

குளிர்காலம் முழுக்க சின்னவளின் வலது பக்கத்தைத்தான் பிழிந்தெடுத்தார்கள். வலது கைக்குத் தனிப் பளு, வலது பக்கம் நீண்ட இழுப்பு என்று பெரியவளே திட்டம் போட்டுக் கொடுத்தாள். சின்னவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அப்பாவோடு பேச்சை நிறுத்தினாள், அக்காவோடு கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள், சொன்னதைவிட அதிகமாகவே உழைத்தாள். தான் ஏமாற்றுக்காரி இல்லையென்று காட்டுவதற்கு அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

இன்று அதற்கெல்லாம் தேர்வு நாள். பெரிய போட்டிக்குப் போகும் இரட்டைப் படகில் பின் இருக்கைக்கு ஆள் முடிவாகிவிட்டது. முன் இருக்கைதான் பாக்கி. அதற்குச் சின்னவளும், நெட்டை என்று எல்லாரும் கூப்பிடும் உயரமான பெண்ணும் போட்டி. காலையில் தரைச் சோதனை, பிறகு இருவரும் ஒற்றைப் படகில் பக்கத்தில் பக்கத்தில் ஓட வேண்டும், மாலையில் தேர்வுக் குழு கூடும். வயதைப் பார்த்தால் சின்னவளுக்கு இதுவே கடைசி வாய்ப்பு. அடுத்த முறை வருவதற்குள் கீழேயிருந்து புதுப் பிள்ளைகள் வந்து நிற்பார்கள்.

*

அளவுக்கூடத்தில் ரப்பர் விரிப்பின் வாடையும் ஈரத் துண்டுகளின் வாடையும் எப்போதும் கலந்திருக்கும். அப்பா விடியும்போதே வந்து தரையைத் துடைத்து, பளுத் தட்டுகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். சின்னவள் பலகையில் குப்புறப் படுத்து ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்தாள்.

"இன்னொரு தட்டு போடலாமான்னு கேளு" என்றார் அப்பா, பெரியவளிடம்.

சின்னவள் அவருக்கு மூன்றடி தூரத்தில்தான் படுத்திருந்தாள்.

"போடச் சொல்லு" என்றாள் சின்னவள், அதே பெரியவளிடம்.

பெரியவளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. தட்டைத் தானே எடுத்து மாட்டினாள். சின்னவளின் வலது கை அந்தப் பளுவை ஏதோ தண்ணீர்க் குடம்போல அலட்டிக்கொள்ளாமல் தூக்கிப் பலகையில் இடித்தது. இடது கை அந்தப் பளுவுக்கு நடுங்கியது, பாதிவரை வந்து நின்றுவிட்டது. மழைக்காலத்தில் சமமாக இருந்த இரண்டு கைகளும் இப்போது ஏறுக்கு மாறாக நின்றன.

அப்பா இதை எதிர்பார்த்திருந்தார். வலதுக்குத்தானே இவ்வளவு நாள் உழைத்தது, வளர்ந்திருக்கிறது, தண்ணீரில் எப்படி வருகிறது என்று பார்ப்போம் என்று பெரியவளிடம் சொன்னார். சொல்லும்போது ஓரக்கண்ணால் மகளைப் பார்த்துக்கொண்டார். சின்னவள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு துடுப்பை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

ஓட்டத்துக்குப் பெரியவள் மோட்டார் படகில் பின்னாலேயே போனாள். காற்று இல்லை, தண்ணீர் அசையாமல் கிடந்தது, சாக்குப்போக்கு எதுவும் சொல்ல முடியாத காலை. கொடி இறங்கியதும் இரண்டு படகுகளும் ஒன்றாகக் கிளம்பின. முதல் கால்வாசியில் சின்னவள்தான் முன்னால் போனாள். அவளுடைய வலது இழுப்பு தண்ணீரைக் கிழித்த வேகத்தைப் பார்த்து மோட்டார் படகை ஓட்டியவரே வாய்விட்டுப் பாராட்டினார்.

பெரியவள் பாராட்டவில்லை. அவள் படகின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வலது இழுப்புக்கும் மூக்கு இடது பக்கம் ஒதுங்கியது. ஒதுங்கியதைச் சின்னவள் காலால் சுக்கானை மிதித்து நேராக்கினாள். மறுபடி ஒதுங்கியது, மறுபடி மிதித்தாள். சுக்கானைத் திருப்பி வைத்துக்கொண்டு ஓட்டுவது, பிரேக்கில் கால் வைத்துக்கொண்டு வண்டியை முறுக்குவது மாதிரி. பாதியைத் தாண்டியதும் நெட்டை பக்கத்தில் வந்தாள், முக்காலில் முந்தினாள், முடிவில் அரைப் படகு நீளம் முன்னால் இருந்தாள்.

பெரியவள் இந்த ஒதுக்கத்தை இன்றுதான் முதலில் பார்க்கிறாள் என்றில்லை. குளிர்காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். புது இழுப்பு, பழகக் கொஞ்ச நாளாகும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். எண் ஒன்று சொல்லும்போது கண் வேறு சொன்னால் கண்ணை நம்பாதே என்பது அவள் அப்பாவிடம் வளர்ந்த வளர்ப்பு.

படகுத்துறையில் சின்னவள் இறங்கப் பெரியவள் கை கொடுத்தாள். சின்னவள் அந்தக் கையைப் பிடிக்காமல் இறங்கினாள்.

"சுக்கானை மிதிச்சிட்டே வந்தியா?"

"மூணு மாசமா அப்படித்தான் வரேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா, மறுபடி கையைக் காப்பாத்தறேன்னுதானே சொல்லுவீங்க."

சொல்லிவிட்டுப் படகைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.

*

அளவுக்கூடத்தில் அப்பா தலைகால் புரியாமல் இருந்தார். துடுப்பின் கம்பில் ஒட்டியிருக்கும் சென்சார் அனுப்பிய கணக்கெல்லாம் கணினித் திரையில் வந்து இறங்கியிருந்தது. சிவப்புக் கோடு வலது கை, நீலக் கோடு இடது கை. ஒன்றின்மேல் ஒன்று கிட்டத்தட்டப் படிந்து கிடந்தன.

"பாரு, சமம்" என்றார். "கடைசியில சமமாயிடுச்சு. இன்னைக்குத் தோத்தா என்ன, இழுப்பு நேராயிடுச்சுன்னு குழு கிட்ட எழுதித் தரேன். அதைப் பார்த்தாவது யோசிப்பாங்க." திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே தொடர்ந்தார். "அவகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா எழுந்து போயிடுவா."

பெரியவள் திரையைப் பார்த்தாள். சமம் என்றால் படகு ஏன் இடது பக்கம் ஒதுங்கியது என்ற கேள்வி அவள் நாக்கு நுனியில் நின்றது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அதைக் கேட்க மனம் வரவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு இன்றுதான் அவர் சிரித்திருந்தார்.

செயலாளர் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது. அப்பாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. துடுப்பைத் தண்ணீருக்கு அனுப்புமுன் சென்சாரைச் சரிபார்ப்பார், திரும்பி வந்ததும் மறுபடி பார்ப்பார். அந்த வேலையில் வேறு ஒருத்தர் கை வைக்க விடமாட்டார். இன்று சந்தோஷத்தில் வழக்கத்தை மீறினார். துடுப்பைக் கட்டையில் வைத்தாயிற்று, எடைக்கல்லைத் தொங்கவிட்டு எண்ணை மட்டும் பார்த்து வை, இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வேட்டைக்குப் போகிறவர்போல விறுவிறுவென்று போனார்.

துடுப்பைக் கிடத்தி அசையாமல் நிறுத்தும் அந்தக் கட்டை அப்பாவே செதுக்கியது. கயாக் துடுப்புக்கு இரண்டு முனையிலும் தண்ணீரைத் தள்ளும் அகன்ற தகடு, அதாவது பிளேடு, இருக்கும். இரண்டும் ஒரே வாட்டத்தில் இருக்காது, ஒன்றுக்கொன்று ஒரு கோணத்தில் திரும்பியிருக்கும். அதனால் வலது பிளேடைச் சரிபார்த்த பிறகு, இடது பிளேடு தரைக்கு மட்டமாக வரும் அளவுக்குக் கம்பைத் திருப்பி வைக்க வேண்டும். எவ்வளவு திருப்ப வேண்டுமென்று யோசிக்க அவசியமே இல்லாதபடி அப்பா கட்டையில் ஒரு முளை அடித்து வைத்திருந்தார். முளைவரை திருப்பி, எடைக்கல்லைத் தொங்கவிட்டால் போதும். பெரியவள் துடுப்பு போட்ட காலத்தில், அவள் துடுப்பின் கோணத்துக்கு அளந்து அடித்த முளை அது.

வலது பிளேடில் கல்லைத் தொங்கவிட்டாள். எண் சரியாக இருந்தது. முளைவரை திருப்பினாள். அப்பா பயன்படுத்தும் கவ்வி அவர் சட்டைப் பையோடு போய்விட்டதால், கல்லை வெறும் கயிற்றில் முடிச்சுப் போட்டு இடது பிளேடில் மாட்டினாள்.

கயிறு வழுக்கிக்கொண்டு ஓரத்துக்குப் போய்க் கல் தரையில் விழுந்தது.

முடிச்சு சரியில்லையென்று நினைத்து மறுபடி மாட்டினாள். மறுபடி அதே பக்கமாக வழுக்கியது. பிளேடு வளைந்திருக்கும், மேலிருந்து பார்த்தால் மட்டமா சாய்வா என்று தெரியாது. பெரியவள் குனிந்து, கம்பின் முனையிலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். பிளேடு சாய்ந்திருந்தது. நன்றாகவே சாய்ந்திருந்தது. கவ்வியால் இறுக்கி மாட்டும் அப்பாவுக்குக் கல் வழுக்கியிருக்க வாய்ப்பே இல்லை.

சுவரோரம் நெட்டையின் துடுப்பு நின்றது. அதை எடுத்து அதே கட்டையில் வைத்து, அதே முளைவரை திருப்பி, அதே கயிற்றை மாட்டினாள். கல் அசையாமல் தொங்கியது.

பெரியவள் அதை எடுத்துவிட்டு, சின்னவளின் துடுப்பை மறுபடி கட்டையில் வைத்து, அதன் நடு இணைப்பைப் பார்த்தாள்.

சின்னவளுக்கு மணிக்கட்டு வலித்த மழைக்காலத்தில், கோணத்தைக் குறைத்தால் மணிக்கட்டுக்குச் சிரமம் குறையும் என்று சொன்னது அவள்தான். படகுக் கொட்டகையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, துடுப்பின் நடு இணைப்பில் இருந்த திருகைத் தளர்த்தி, இரண்டு பிளேடுக்கும் நடுவில் இருந்த கோணத்தைக் குறைத்து, மறுபடி இறுக்கிக் கொடுத்ததும் அவள்தான். சின்னவள் அதைக் கையில் வாங்கி இரண்டு முறை காற்றில் போட்டுப் பார்த்து, இப்ப வலிக்கலக்கா என்று சொன்னதுகூட ஞாபகம் வந்தது. இரண்டே நிமிட வேலை. அதை அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அப்பா கட்டையைத்தான் நம்பினார், கட்டை பெரியவளின் பழைய கோணத்தை நம்பியது.

பிளேடு சாய்ந்திருந்தால் கல்லின் பாரத்தில் ஒரு பகுதி பக்கவாட்டில் போய்விடும், சென்சாருக்குத் தெரியாது. எண் குறைவாக வரும். அப்பா அதைச் சென்சாரின் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொண்டு, இடது கணக்கைத் தூக்கிக் கல்லின் எடைக்குச் சமமாக்குவார். அப்படித் தூக்கியது தண்ணீரிலும் தூக்கியே காட்டும். இடது கை இழுக்காததையெல்லாம் இழுத்ததாகக் காட்டும்.

அன்றைக்குச் சின்னவளின் வலது கை குறைந்திருக்கவில்லை. இடது கைக்குத்தான் இல்லாத பலத்தைக் கூட்டிச் சொல்லியிருந்தார்கள்.

பெரியவள் எடைக்கல்லை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கைபேசி அடித்தது. அம்மாதான். அரைப் படகு, ஓட்டம், எண் எதையும் அம்மா கேட்கவில்லை. ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்களா என்று மட்டும் கேட்டாள். இன்னும் இல்லம்மா என்றாள் பெரியவள். அதற்குமேல் பேசினால் அழுகை வந்துவிடும் என்று வைத்துவிட்டாள்.

*

சொல்லாமல் விட்டுவிடலாம் என்ற எண்ணம் அவளுக்கு வரவில்லை என்று எழுதினால் அது பொய். வந்தது. திருகை இரண்டு நிமிடத்தில் பழைய கோணத்துக்குத் திருப்பி இறுக்கிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. அப்பாவின் சிரிப்பு மிஞ்சும், தன் பயிற்சித் திட்டத்தின் பெயரும் மிஞ்சும். திருகைத் திருப்பும் சாவி மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது என்பதுவரை யோசித்தாள். ஆனால் சின்னவள் அன்று தன்னைத் திரும்பிப் பார்த்த பார்வை கண்முன் வந்து நின்றது. இரண்டாவது முறையும் அதைத் தாண்டிப் போக அவளால் முடியவில்லை.

அப்பா திரும்பி வந்தபோது துடுப்பு கட்டையிலேயே இருந்தது.

"அப்பா, இங்க வந்து முனையிலிருந்து பாருங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். ஒரு தடவை பார்த்தார். நிமிர்ந்து முளையைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி குனிந்து பார்த்தார். பெரியவள் திருகைப் பற்றி, மழைக்காலத்தைப் பற்றி, சொல்ல மறந்ததைப் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னாள். தன்மேல்தான் தப்பு, நீங்கள் உங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தீர்கள் என்றும் சொன்னாள்.

அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

"மத்தவங்க துடுப்பெல்லாம்?"

"எல்லாம் பழைய கோணம்தாம்பா. கட்டைக்குச் சரியா இருக்கு."

அப்பா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். இந்தக் கூடத்தில் அவர் பகலில் உட்கார்ந்து பெரியவள் பார்த்ததே இல்லை.

"ஊர்ப் பிள்ளைங்களை எல்லாம் சரியா அளந்திருக்கேன்" என்றார். "என் பிள்ளையை மட்டும் தப்பா அளந்திருக்கேன்."

பெரியவள் அவர் தோளில் கை வைத்தாள். அவர் அந்தக் கையைத் தட்டிக் கொடுத்தார், ஆறுதல் தேவைப்பட்டது அவளுக்குத்தான் என்பதுபோல. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, சட்டையை உள்ளே செருகிக்கொண்டு, குழு கூடுமுன் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றார். நானும் வருகிறேன் என்றாள். இருவரும் போனார்கள்.

குழுவின் முன்னால் அப்பா சுற்றி வளைக்கவில்லை. கட்டையின் தப்பை அவர் தன் தப்பாகச் சொன்னார், திருகின் தப்பைப் பெரியவள் தன் தப்பாகச் சொன்னாள். செயலாளர் நல்ல மனிதர். பதறவுமில்லை, குத்திக் காட்டவுமில்லை. அதுவே தாங்க முடியாததாக இருந்தது. அவர் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது: அளவு தப்பாக இருக்கலாம், ஆனால் இன்று தண்ணீரில் யார் முன்னால் வந்தது என்பது தப்பில்லை. மழைக்காலத்துச் சின்னவளை இப்போது யாராலும் படகில் உட்கார வைக்க முடியாது, இன்றைய சின்னவள் சுக்கானை மிதித்துக்கொண்டு ஓட்டுகிறாள், இரட்டைப் படகை அவளை நம்பி ஒப்படைக்க முடியாது. முன் இருக்கை நெட்டைக்குப் போனது. சின்னவளை மாற்று ஆளாக எழுதிக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் அப்பா படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நேராத்தானே போகுதுன்னு சொன்னா" என்றார். "ஒரு தடவை வெளியே போய்ப் பார்த்திருக்கலாம். பத்து அடி நடக்கணும், அவ்வளவுதான்."

*

சின்னவளைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டு அவளே அளவுக்கூடத்துக்கு வந்திருந்தாள், துடுப்பை எடுத்துப் போக. முடி இன்னும் காயவில்லை. அழுத முகமா, குளித்த முகமா என்று பெரியவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பெரியவள் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். இன்று மூன்றாவது முறையாகச் சொல்கிறாள், சொல்லச் சொல்ல எளிதாகும் என்று நினைத்தது பொய்யாகப் போயிற்று. சின்னவள் கட்டையைப் பார்த்தாள், முளையைப் பார்த்தாள், தன் துடுப்பின் நடு இணைப்பைக் கட்டைவிரலால் தடவினாள்.

பிறகு, மாதக்கணக்கில் முதல் முறையாக, நேராக அப்பாவைப் பார்த்துப் பேசினாள்.

"பழையதைச் சரியான கணக்குல போட முடியுமாப்பா? மழைக்காலத்துல போட்டது."

முடியும் என்று அவர் தலையாட்டினார். துடுப்பைக் கட்டையிலிருந்து எடுத்து, முளையைத் தொடாமல், இடது பிளேடு மட்டமாக வரும்வரை கையாலேயே திருப்பி, இரண்டு பக்கமும் மரத்துண்டு கொடுத்து நிறுத்தினார். கல்லைத் தொங்கவிட்டார். வந்த எண்ணைக் கணினியில் அடித்தபோது அவர் விரல் ஒரு முறை வழுக்கியது, அழித்து மறுபடி அடித்தார். மழைக்காலத்து ஓட்டம் திரையில் எழுந்தது.

சிவப்பும் நீலமும் ஒன்றாகப் போயின. எங்கே சிவப்பு முடிந்து எங்கே நீலம் தொடங்குகிறது என்று பார்க்கவே முடியவில்லை. அப்பா இத்தனை வருஷமாக எத்தனையோ பேரை அளந்திருக்கிறார், இவ்வளவு ஒத்துப்போன இரண்டு கைகளை அவர் பார்த்ததில்லை.

"இன்னைக்குப் போட்டதைக் காட்டுங்க."

அதையும் காட்டினார். காலையில் படிந்து கிடந்த கோடுகள் இப்போது பிரிந்து நின்றன. சிவப்பு மேலே, நீலம் கீழே, தொடக்கத்திலிருந்து முடிவுவரை. நடுவில் இருந்த இடைவெளி அவர்கள் மூன்று பேரும் சேர்ந்து குளிர்காலம் முழுக்க உழைத்துச் சம்பாதித்தது.

சின்னவள் அந்த இடைவெளியைத் திரையில் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"நீ ஏமாத்தலம்மா" என்றார் அப்பா. "உங்கிட்ட எந்தக் குறையும் இல்ல. அன்னைக்கு எல்லார் முன்னாலயும் சொன்னேன், நாளைக்கு எல்லார் முன்னாலயும் இதையும் சொல்றேன்."

அதைக் கேட்டதும் சின்னவளின் உதடு கோணியது. அவள் அழுகையை விழுங்கப் பார்த்தாள், முடியவில்லை. அப்பா எழுந்து வந்தார், பக்கத்தில் நின்றார், என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தோளில் கிடந்த ஈரத் துண்டை எடுத்து மடித்து மறுபடி அதே தோளில் போட்டார். சின்னவள் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். முன் இருக்கை போய்விட்டது, அது திரும்பி வராது. ஆனால் உப்புக் கிண்ணம் இனி அம்மா வழியாகப் போக வேண்டியதில்லை.

இந்த ஒரு காட்சிக்காகத்தான் பெரியவள் மாதக்கணக்கில் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தூது போனாள். இப்போது தானும் அதில் சேர்ந்துகொள்ளலாம் என்று நினைத்து ஒரு அடி முன்னால் வந்தாள்.

"இடது பக்கத்தை ஏத்திடலாம்டி" என்றாள். "ஒரு சீசன் போதும். சுக்கானைத் தொடாம நேராப் போற மாதிரி நான் பண்ணித் தரேன். எல்லாத்தையும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்."

சின்னவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பெரியவள் தாங்கியிருப்பாள்.

"நீ வேண்டாம்க்கா."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரியவள் அவரைக் கையமர்த்தினாள்.

"திருகை மறந்தது பெரிய விஷயமில்ல, யாரும் மறப்பாங்க" என்றாள் சின்னவள். "அப்பாவுக்கும் எண்ணு மட்டும்தான் தெரியும். அவரு இந்த ரூமை விட்டு வெளியே வந்ததே இல்ல. நீ அப்படியில்லையே. தினமும் பின்னாலயே வந்தே. நான் எப்படிப் போறேன்னு நீ பார்த்துட்டுத்தானே இருந்தே?"

பெரியவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இன்று காலைவரை பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

நாளை விடிந்ததும் பயிற்சி உண்டு. மாற்று ஆளும் வந்தாக வேண்டும், பின்னால் ஒரு படகும் போயாக வேண்டும். பெரியவள் மோட்டார் படகின் சாவியைப் பையிலிருந்து எடுத்து அப்பாவின் மேசைமேல் வைத்தாள்.

அப்பா சாவியைப் பார்த்தார், பெரியவளைப் பார்த்தார், சின்னவளைப் பார்த்தார். மூன்று பேரில் யாரும் அதை எடுக்கவில்லை.